வல்லவர் பிழைத்தனர்

சவுதூர்: ...அதெல்லாம் முடியாது தியூர்மா. நாளைக்கு ரெண்டு கெண்டை வேணும். ரெண்டும் முழங்கை நீளத்துக்கு. தலை, வால் உடையாம முழுசா வேகணும்.

தியூர்மா: குலம் குடுக்கப்போறது ஒரே ஒரு வெள்ளைக்காரனுக்கு. ஒரு ஆளைக் குலத்துல சேர்த்தா ஒரு மீன். அதானே முறை? நீங்களே எத்தனை வீட்டுல சொல்லியிருக்கீங்க மாமா.

சவுதூர்: எரிமலையை ஆராய வந்த நார்வேக்காரன் ஐவிந்த் ஆறரை அடி இருக்கான். வால் வரைக்கும் தின்னுட்டு தட்டைத் திருப்பிப் பார்ப்பான்.

தியூர்மா: அதுக்காக... இல்ல மாமா, நாளைக்குக் கடை லீவு.

சவுதூர்: லீவா? இந்தப் படகுத்துறைக்கே ஒரே சோத்துக்கடை உன்னுது. என் பையன் ஜொங்கி செத்த இந்த மூணு வருஷத்துல நீ கிறிஸ்துமஸுக்குக்கூட அடுப்பை அணைச்சதில்ல.

தியூர்மா: ஆண்டலிமான் மிளகு தீர்ந்துபோச்சு.

சவுதூர்: ஆண்டலிமான் இல்லாத வீடு நம்ம பத்தாக் சனத்துல உண்டா! உன் மாமியார் இருந்திருந்தா உன்னை இல்ல, என்னை அடிச்சிருப்பா.

மாருலாக்: காபி கிடைக்குமா தங்கச்சி?

சவுதூர்: வாடா மாருலாக். உன்னைத் தேடித்தான் வந்தேன். பூங்காவுல கல்லு வந்து இறங்கியாச்சு. ஊர்ல இருக்கிறது ஒரே கல்தச்சன், அவனைக் காணோம். உளி எல்லாம் எங்கே?

மாருலாக்: சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன் பெரியவரே.

சவுதூர்: எல்லாத்தையுமா?

மாருலாக்: எல்லாம் மழுங்கிப்போச்சு. வருஷத்துக்கு ஒரு குலத்தூண் கேட்கிறாங்க. செத்தவன் தூண் மாடி மாடியா ஏறுது, இருக்கிறவன் கூரை ஒழுகுது.

சவுதூர்: நம்ம வழக்கத்தைக் கிண்டல் பண்ணாதே, அதுலதான் நீ சாப்பிடுற. சரி, கேளுங்க. எரிமலைப் பூங்காக் குழுச் செயலாளர்ங்கிற முறையில நானே எழுதினது. "எழுபத்து நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மலை வெடித்தது. வானம் இருண்டது. மனித இனம் சில ஆயிரமாய்ச் சுருங்கியது. வல்லவர் பிழைத்தனர். அவர்தம் வழிவந்தோரே இவ்வேரிக்கரை மக்கள்."

தியூர்மா: யாரு, நாமளா?

சவுதூர்: வேற யாரு? வெடிச்சது நம்ம மலை.

தியூர்மா: மாமா, இந்த ஏரியே அந்த வெடிப்புல விழுந்த குழிதான். அன்னைக்கு இங்க நின்னவன் எப்படிப் பிழைப்பான்?

மாருலாக்: போன வருஷம் சர்ச் கூடத்துல ஐவிந்த் படம் போட்டுக் காட்டினாரே. "இங்க ஒரு எலி மிஞ்சியிருந்தா ஆச்சரியம். தப்பிச்சவங்க ரொம்பத் தூரம். ஆப்பிரிக்கக் கடலோரத்துல சிப்பி பொறுக்கித் தின்னவங்களா இருக்கலாம்"னாரு.

சவுதூர்: அது மொழிபெயர்ப்புத் தப்பு.

மாருலாக்: மொழிபெயர்த்தது நீங்க.

சவுதூர்: அதான் சொல்றேன். அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.

தியூர்மா: அது மட்டுமா? மனுஷங்க அப்படிக் குறைஞ்சதுக்கு இந்த மலைதான் காரணமாங்கிறதுலயே அவங்களுக்குள்ள சண்டையாமே. ஒரு கட்சி ஆமாங்குது. இன்னொரு கட்சி, சாம்பலுக்குக் கீழே இருக்கிற கல் ஆயுதமும் மேலே இருக்கிற ஆயுதமும் ஒரே மாதிரிதான் இருக்கு, ஆளுங்க பாட்டுக்கு இருந்திருக்காங்கங்குது.

சவுதூர்: சண்டையைக் கல்லுல செதுக்க முடியாதும்மா. இடம் பத்தாது. அதுவும் பின்பக்கம் பூரா வம்சாவளி வருது.

மாருலாக்: எதுக்கு வம்சாவளி?

சவுதூர்: வம்சாவளி இல்லாத கல்லு கல்லாடா? புதுசா ஒருத்தன் வந்து நின்னா நாம முதல்ல என்ன கேட்போம்? எந்தக் குலம், எத்தனையாவது தலைமுறை, உன்னை நான் மாமான்னு கூப்பிடணுமா மச்சான்னு கூப்பிடணுமா? எரிமலையில தப்பிச்சவனையும் அப்படித்தான் கேட்கணும். நம்ம முதல் ராஜாவுல இருந்து எனக்குப் பதினேழு தலைமுறை. ராஜாவுக்கு மேலே போனா, எரிமலை.

மாருலாக்: நடுவுல எத்தனை தலைமுறை விடுபடுது தெரியுமா? கணக்குப் போட்டா மூவாயிரம் வரும்.

சவுதூர்: அதுக்கும் ஒரு வரி போட்டிருக்கேன்.

மாருலாக்: என்ன வரி?

சவுதூர்: "மற்றும் பலர்."

தியூர்மா: ஐயோ... மாமா, அந்தப் பலர்ல பொம்பளை எத்தனை பேரு?

சவுதூர்: வம்சாவளியில பொம்பளைங்களைப் போடுறதில்லையேம்மா.

தியூர்மா: அப்போ மூவாயிரம் ஆம்பளைங்க ஒருத்தரையொருத்தர் பெத்துக்கிட்டே வந்திருக்காங்க. எரிமலையை விட இது பெரிய அதிசயம். இதைச் செதுக்குங்க, வெளிநாட்டுக்காரன் கூட்டம் கூட்டமா வருவான்.

சவுதூர்: சிரிக்காதேடா மாருலாக். காபி மூக்குல ஏறப்போகுது.

தியூர்மா: நான் சும்மா ஒண்ணு கேட்கிறேன் மாமா. முறை சொல்றதுல இந்த ஏரியைச் சுத்தி உங்களை மிஞ்சின ஆள் கிடையாது. அதனால கேட்கிறேன்.

சவுதூர்: சும்மா கேட்கிறதுக்கு இவ்வளவு பெரிய மாலையா? கேளு.

தியூர்மா: சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினாங்கன்னு வெச்சுக்கோங்க. அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம். ஒரு குகையில இருபது பேர். எல்லாம் சொந்தம். அவங்க யாரைக் கட்டிக்கிட்டாங்க?

சவுதூர்: ...அடுத்த குகையில பொண்ணு எடுத்திருப்பாங்க.

தியூர்மா: அடுத்த குகையில சாம்பல்தான் இருக்கு. ஒருத்தரும் இல்ல.

சவுதூர்: அதுக்கு அடுத்த குகை.

தியூர்மா: மாமா!

சவுதூர்: சரி சரி. ஒரே குலத்துல கட்டியிருப்பாங்க. வேற வழி?

தியூர்மா: தப்பில்லையா? நம்ம ஊர்ல ஒரே குலத்துல பிறந்தா அண்ணன் தங்கச்சி. பத்துத் தலைமுறைக்கு முன்னாடி பிரிஞ்சிருந்தாலும், வேற வேற ஊர்ல பிறந்திருந்தாலும், முகமே பார்த்ததில்லைன்னாலும். கட்டிக்கிட்டா ஊரை விட்டு விரட்டுவீங்க. குலத்தூண்ல பேர் கிடையாது, கல்யாணம் சாவுக்குக் கூப்பிட மாட்டீங்க, செத்தா எலும்பைக்கூடத் தோண்டி எடுத்து அந்தத் தூணுக்குள்ள வைக்க மாட்டீங்க. அந்தக் குகையில மட்டும் எப்படி விட்டாங்க?

சவுதூர்: அங்க முறை சொல்றதுக்கு ஆள் இருந்திருக்க மாட்டான்.

தியூர்மா: ஏன்?

சவுதூர்: முதல் வெடியிலயே செத்திருப்பான். வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்திருப்பான்ல.

மாருலாக்: அதான் மனுஷ சாதி தப்பிச்சுது.

சவுதூர்: என்னடா சொன்னே?

மாருலாக்: ஒண்ணுமில்ல பெரியவரே. காபிக்கு சீனி பத்தல.

சவுதூர்: சரி, சும்மா கேட்டதுக்குச் சும்மா பதில் சொல்லியாச்சு. இப்போ சும்மா இல்லாம நான் ஒண்ணு கேட்கிறேன். யாரு அந்தக் குகையில இருக்கிறவங்க?

தியூர்மா: ...யாரோ. பக்கத்து ஊர்ல.

சவுதூர்: பக்கத்து ஊர்ல. ம். ரெண்டு பேரும் எந்தக் குலம்?

தியூர்மா: அது எதுக்கு...

சவுதூர்: சிமர்தோலோக்கா?

மாருலாக்: கல்லைப் பத்திப் பேசுவோமா பெரியவரே?

சவுதூர்: பேசுவோம். நீயும் சிமர்தோலோக், எங்க வீட்டுக்கு வந்த இவளும் பிறந்த வழியில சிமர்தோலோக். உங்களுக்குத் தெரியாத சிமர்தோலோக் ஆளா பக்கத்து ஊர்ல இருக்கப்போறான்? சரி விடு. கல்லு. என்னைக்கு ஆரம்பிக்கிறே?

மாருலாக்: நான் அதைச் செதுக்க மாட்டேன்.

சவுதூர்: எதை? வம்சாவளியையா? வேணும்னா பொம்பளைங்களுக்கும் ஒரு வரி போடுறேன். "மற்றும் பலரின் மனைவியர்."

மாருலாக்: அது இல்ல. அந்த நாலாவது வரி. "வல்லவர் பிழைத்தனர்."

சவுதூர்: அதுல என்ன குத்தம்? அதானே அறிவியல். பலசாலி, புத்திசாலி பிழைச்சான், மத்தவன் போனான். அவன் புள்ளைங்கதான் நாம. அதனாலதான் நமக்கு இவ்வளவு மூளை.

தியூர்மா: "மற்றும் பலர்"னு எழுதற அளவுக்கு.

மாருலாக்: பெரியவரே... மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏரியில கவிழ்ந்த அந்தப் படகுல யாரு நல்லா நீந்துவா?

சவுதூர்: அந்தப் பேச்சு இப்போ எதுக்குடா?

மாருலாக்: சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்.

சவுதூர்: ஜொங்கி.

மாருலாக்: அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்திப் பந்தயத்துல பன்னிக்குட்டி ஜெயிச்சவன். என் பொண்டாட்டி ரூமொந்தாங், மீன்காரன் மக, நடக்கிறதுக்கு முன்னாடி நீந்தினவ. நான்? எனக்கு முழங்கால் தண்ணிக்கு மேலே பயம். இன்னைக்கும் பயம்.

தியூர்மா: அண்ணே, வேணாம்.

மாருலாக்: ஜொங்கி கீழ்த்தளத்துல இருந்தான், அவன் மோட்டார் சைக்கிள் சாயாம பிடிச்சுக்கிட்டு. ரூமொந்தாங்குக்குக் குளிருதுன்னு நான்தான் அவளைக் கீழே போய் உட்காரச் சொன்னேன். நான் ஏன் மேலே இருந்தேன் தெரியுமா? வேர்க்கடலைக்காரன் மேலே இருந்தான். அவ்வளவுதான் என் வல்லமை. வேர்க்கடலை.

சவுதூர்: மாருலாக்...

மாருலாக்: இவ ஏன் மேலே இருந்தா? கேளுங்க.

தியூர்மா: உங்க பையனோட சண்டை மாமா. சிகரெட் நாத்தம் தாங்கலைன்னு கத்திட்டு மேலே போனேன். நான் கடைசியா அவர்கிட்டச் சொன்னதே அந்தச் சிகரெட்டைத்தான்.

சவுதூர்: நீ இதை என்கிட்ட சொன்னதே இல்லையே.

தியூர்மா: எப்படி மாமா சொல்றது? நல்லா நீந்துற உங்க புள்ள போயிட்டான், கத்தத் தெரிஞ்ச நான் வந்துட்டேன்னா?

மாருலாக்: படகு சாய்ஞ்சப்போ பக்கத்துல ஒரு டயர் கிடந்துச்சு. நான் அதைப் பிடிச்சேன், இவ என் சட்டையைப் பிடிச்சா. அதுக்கு மேலே ஒரு புத்திசாலித்தனமும் இல்ல. நாளைக்கு ஒருத்தன் வந்து "வல்லவர் பிழைத்தனர்"னு என் கையால செதுக்கினதை வாசிப்பான். அப்போ போனவங்க யாரு? நோஞ்சானா?

சவுதூர்: இது எழுபத்து நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைப் பத்திடா.

மாருலாக்: அங்கயும் ஒரு வேர்க்கடலைக்காரன் இருந்திருப்பான்.

தியூர்மா: அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் கல்லு வந்து இறங்கிருச்சு. ஏரியில போனவங்களுக்கு?

சவுதூர்: குழுவுல கேட்டேன்மா. நான் கேட்காம இருப்பேனா? என் பையன் பேர் மட்டும் இல்ல, அத்தனை பேர் பேரும் ஒரு கல்லுல வரணும்னு கேட்டேன். படகுத்துறையில அப்படி ஒரு கல்லு நின்னா சுற்றுலாவுக்கு நல்லதில்லைன்னுட்டாங்க. பழைய சாவுக்குத்தான் வருவானாம் வெளிநாட்டுக்காரன். புதுச் சாவைப் பார்த்தா படகுல ஏற மாட்டானாம்.

மாருலாக்: எவ்வளவு பழசாகணுமாம்?

சவுதூர்: அதை அவங்க சொல்லல.

தியூர்மா: நீங்க அந்தக் குழுவுல இன்னும் ஏன் இருக்கீங்க மாமா?

சவுதூர்: வீட்டுல யாரு இருக்கா, போய்ப் பேசுறதுக்கு? குழுவுல இருந்தா காபி குடுத்து, செயலாளரேன்னு கூப்பிடுறாங்க... சரி. நாலாவது வரிக்குப் பதிலா என்ன போடலாம்? நீயே சொல்லு.

மாருலாக்: "மிஞ்சியவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டனர்."

சவுதூர்: அறிவியல் ஒத்துக்குமா?

தியூர்மா: ஐவிந்த் அதையும் சொன்னாரே. கையில இருந்ததைப் பங்கு போட்டுத் தின்ன கூட்டம்தான் தாக்குப்பிடிச்சிருக்கலாம்னு. உங்களுக்குத்தான் தொண்டை கட்டியிருந்துச்சு.

சவுதூர்: போட்டுக்கோ. ஆனா டயரைச் சேர்த்துடாதே. அந்தக் காலத்துல டயர் கிடையாது, குழுவுல கேட்பாங்க.

மாருலாக்: சரி.

சவுதூர்: அப்போ செதுக்குறே?

மாருலாக்: ...உளி வரட்டும் பெரியவரே.

சவுதூர்: எங்கேயிருந்து வரும்? சாணைக்காரன் போன மாசமே செத்துட்டான். அவன் அடக்கத்துல முறை சொல்லிப் பேசினதே நான்தான். நீ முன்வரிசையில உட்கார்ந்து பன்னிக்கறி தின்னே. ஒருத்தன் உளியெல்லாம் சாணைக்குப் போச்சுங்கிறான். ஒருத்தி மிளகு இல்ல, கடை லீவுங்கிறா. அலமாரியில ஒரு தட்டைக்கூடக் காணோம். நான் கிழவன்தான், குருடன் இல்ல.

தியூர்மா: மாமா, நாங்க...

சவுதூர்: நான் இன்னும் முடிக்கல. முறை சொல்ற ஆளை நடுவுல மறிக்கக்கூடாது. சிமர்தோலோக் பெரியவங்களைப் பார்த்துட்டு வந்தேன். முதல் தடவை கள்ளு குடுத்தாங்க. ரெண்டாவது தடவை தண்ணி குடுத்தாங்க. போன ஞாயித்துக்கிழமை ஒண்ணும் குடுக்கல.

மாருலாக்: எதுக்குப் போனீங்க?

சவுதூர்: குகையில இருக்கிற ரெண்டு பேருக்காக. ஊருக்கே தெரியும்டா. ராத்திரி அவ கடைக் கூரை ஒழுகுதுன்னு ஏணி எடுத்துட்டுப் போறே. மழை பெய்ஞ்சு ரெண்டு மாசமாச்சு.

தியூர்மா: என்ன சொன்னாங்க?

சவுதூர்: என்ன சொல்வாங்க? அண்ணனும் தங்கச்சியும்னாங்க. எரிமலையைச் சொன்னேன். சிப்பி பொறுக்கினவனைச் சொன்னேன். எல்லாரும் சில ஆயிரம் பேர் வழிவந்தவங்கன்னா, நாம எல்லாருமே அண்ணன் தங்கச்சியைக் கட்டினவங்க பெத்த புள்ளைங்கதானேன்னு கேட்டேன்.

மாருலாக்: அதுக்கு?

சவுதூர்: "அது ஆப்பிரிக்காவுல. இங்க வேற முறை"ன்னாங்க.

தியூர்மா: அப்போ கல்லுல மட்டும் நாம அவங்க வழிவந்தவங்க. கல்யாணத்துல இல்ல.

சவுதூர்: கல்லு வெளிநாட்டுக்காரன் பார்க்கிறதுக்கும்மா. கல்யாணம் நாம பார்க்கிறதுக்கு.

மாருலாக்: போதும் பெரியவரே. முயற்சி பண்ணீங்க. அது போதும் எங்களுக்கு.

சவுதூர்: எனக்குப் போதாது. யோசிச்சேன். ஒரு நார்வேக்காரன், நம்ம பேச்சு தெரியாது, பன்னிக்கறி தின்ன மாட்டான், வெறும் கிழங்கு தின்பான். அவன் நாளைக்குக் காலையில என் முன்னால உட்காருவான். மீன் வைப்போம், ஊலோஸ் துணியைத் தோள்ல போர்த்துவோம். மதியச் சாப்பாட்டுக்குள்ள அவன் எங்க சிதாபாரு குலத்துல பிறந்தவன். யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க, ஏன்னா போட்டோ எடுப்பாங்க.

தியூர்மா: அதுக்கும் எங்களுக்கும்...

சவுதூர்: ஒருத்தன் சிதாபாரு ஆயிட்டா அவன் சிமர்தோலோக் இல்ல. சிமர்தோலோக் இல்லைன்னா இவளுக்கு அண்ணன் இல்ல. என் மகனாவே ஆயிட்டான்னா ஜொங்கிக்குக் கூடப்பிறந்தவன். அண்ணன் செத்தா அண்ணியைத் தம்பி கட்டுறது எங்க பாட்டன் காலத்து முறை. இதுல எவனாவது குத்தம் கண்டுபிடிக்கட்டும், என் நாக்கை அறுத்து நாய்க்குப் போடுறேன்.

மாருலாக்: என்னை... நீங்க...

சவுதூர்: சும்மா கிடைக்காது. இதையும் சொல்லிடறேன். சிமர்தோலோக் தூண்ல நீ உனக்கு ஒரு இடம் விட்டுச் செதுக்கியிருக்கே.

மாருலாக்: ரூமொந்தாங் பேருக்குப் பக்கத்துல.

சவுதூர்: அந்த இடம் இனி நிரம்பாது. உன் அப்பன் வரிசையில நீ இல்ல. நேத்து மறுபடி போய் இந்த வழியைச் சொன்னப்போ, சிமர்தோலோக் பெரியவங்க அதை மட்டும்தான் கேட்டாங்க. நான் சரின்னு சொல்லல. நீதான் சொல்லணும்.

மாருலாக்: அவ தனியா நிப்பாளே அந்தத் தூண்ல.

சவுதூர்: நிக்க மாட்டா. நீ என் மகன்னா அவ என் மருமக. ஒரு மருமக ஏரியில, ஒரு மருமக அடுப்புல. நான் சாகிறதுக்குள்ள என் வீட்டுத் தூணை நீ செதுக்கு. ஜொங்கி, ரூமொந்தாங், ரெண்டு பேரும் என் புள்ளைங்களா அதுல இருக்கட்டும். எலும்பு கிடைக்கலைன்னா என்ன, எழுத்து இருக்கும்ல.

தியூர்மா: மாமா... அந்த ரெண்டாவது மீன்...

சவுதூர்: நார்வேக்காரன் அவ்வளவெல்லாம் தின்ன மாட்டாம்மா. நான்தான் சொன்னேனே, கிழங்கு தின்பான்னு. குளத்து மீன்தான் சொல்லியிருக்கேன். நீ ஏரி மீனைத் தொட மாட்டேன்னு எனக்குத் தெரியும்.

மாருலாக்: பெரியவரே...

சவுதூர்: பெரியவரேன்னு கூப்பிடறவனுக்கு மீன் கிடையாது.

மாருலாக்: ...அப்பா.

சவுதூர்: சத்தமா சொல்லு, காது மந்தம்.

மாருலாக்: அப்பா.

சவுதூர்: ம்... புகை அதிகமா இருக்கும்மா உன் அடுப்புல. கண்ணு எரியுது. நீ என்ன சொல்றே தியூர்மா? நாளைக்குக் கடை லீவா, இல்லையா?

தியூர்மா: என்னங்க... நாளைக்குப் பாலம் வழியா போற மதிய பஸ்ஸுக்குக் கட்டி வெச்ச மூட்டையை அவிழுங்க. உங்க உளிக்குக் கீழே என் அம்மியும் மிளகும் இருக்கு.